தண்ணீர் படாத இடம்

தோஹாவில் இருக்கும் என் அண்ணன், முஸம்மில் நானாவுக்கு, வாப்பா ஒரு நீலப் புள்ளி.

காலையில் எழுந்ததும் போனைத் திறந்து அதைத்தான் பார்ப்பார். புள்ளி எங்கள் வீட்டின் மேல் இருந்தால் வாப்பா சுகம். பள்ளிவாசலின் மேல் இருந்தால் வாப்பா தொழுகிறார். உடனே குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதுவார்: "வாப்பா சுகமா ஈக்காரு. அல்ஹம்துலில்லாஹ்." மாமிகளும் சாச்சாக்களும் கீழே ஆமீன் போடுவார்கள். இப்படி ஒரு மகன் யாருக்குக் கிடைப்பான் என்று ஒரு மாமி ஒருநாள் எழுதியிருந்தார். நான் அப்போது வாப்பா மூத்திரத்தில் நனைத்த சாரத்தை அலசிக்கொண்டிருந்தேன்.

வாப்பாவின் பெயர் மீராசாஹிப். வயது எழுபத்தெட்டு. மாத்தளையில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்றவர். மறதி நோய் வந்து நான்கு வருடம். உம்மா மௌத்தாகி ஆறு வருடம். அதை எத்தனை தரம் சொன்னாலும் அவரிடம் நிற்பதில்லை. சில நாள் என்னையே உம்மா என்று நினைப்பார். "ஹவ்வா, றுஸ்னா ஸ்கூல் உட்டு வந்துட்டாளா?" என்று கேட்பார். வந்துட்டாள் என்பேன். சாப்பிட்டதை மறப்பார். கக்கூஸ் எந்தப் பக்கம் என்பதை மறப்பார்.

பள்ளியை மறக்கவில்லை. எங்கள் வாசலில் இறங்கி நேரே நடந்தால் ரோட்டின் கடைசியில் பள்ளிவாசல். ஒரு திருப்பமும் இல்லை. மதிய லுஹருக்கும் பின்னேர அஸருக்கும் தனியாகப் போய்த் தனியாக வருவார். அவர் தனியாகச் செய்யும் காரியம் அது ஒன்றுதான் மிச்சம். அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அந்தப் பழக்கம் ஒரு தடவை விட்டுப்போனால் திரும்பி வராது என்று கிளினிக்கில் டொக்டர் சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

கைக்கடிகாரத்தை லாபிர் கொண்டுவந்தார். நானாவோடு படித்தவர். டவுனில் போன் கடை வைத்திருக்கிறார், பள்ளி நிர்வாக சபையிலும் இருக்கிறார். வாப்பாவின் இடது கையில் அதைக் கட்டிவிட்டு, என் போனிலும் தன் போனிலும் புள்ளியை வரவழைத்தார். நானா வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாடித்துடிப்பும் காட்டும்," என்றார் நானா. "இங்க ஈந்துகிட்டே வாப்பாட நாடியப் பாக்கலாம்."

"தொழ முந்தி கை கால் கழுவி வுளூ எடுக்கக்குள்ள கழட்டிருவாரு," என்றேன்.

"கழட்டத் தேவல்ல. வாட்டர்ப்ரூஃப்."

"மணிக்கூட்டுக்குத் தண்ணி போவாது, சரி. வாப்பாட தோலுக்குத் தண்ணி படணுமே."

லாபிர் சிரித்தார். நானா சிரிக்கவில்லை.

"கொஞ்சம் மேல தள்ளிட்டுக் கழுவச் செல்லு."

"நீங்களே செல்லுங்க. இந்தா ஈக்காரு."

போனை வாப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். நானா சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். வாப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லம் தம்பி, நல்லம்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவரு யாரு?" என்றார்.

வாப்பா சாரத்தின் மேல் அகலமான பச்சை வார் கட்டுவார். பை வைத்த வார், வியாபாரம் செய்த காலத்துப் பழக்கம். குளிக்கவும் தூங்கவும் மட்டும்தான் அவிழ்ப்பார். அதன் பைக்குள் அடையாள அட்டை இருந்தது. நான் சிங்களத்தில் எழுதிவைத்த துண்டுக் கடதாசியும் இருந்தது. இவருக்கு மறதி, இந்த நம்பருக்குப் பேசவும்.

"இத வாருக்குள்ள வெச்சுத் தச்சுடுறேன் நானா. ஒருக்காலும் கழட்ட மாட்டாரு."

"வாருக்குள்ள வெச்சா நாடி காட்டுமா? தெரியாத விஷயத்துல வாயப் போடாம சும்மா இரு றுஸ்னா."

சும்மா இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, அஸருக்குப் போன வாப்பா நாலு மணியாகியும் வரவில்லை. புள்ளி பள்ளியின் மேல் நின்றது. நாலேகாலுக்கு முக்காட்டைப் போட்டுக்கொண்டு பள்ளிக் கேட்டுக்குப் போனேன். எங்கள் பள்ளிக்குள் பெண்கள் போவதில்லை. யாராவது வரும்வரை வெளியே நின்றேன். லாபிர் வந்தார்.

"லாபிர் நானா, வாப்பா இன்னம் ஊட்டுக்கு வரல்ல."

"உள்ளுக்குத் தானே ஈக்காரு." போனைக் காட்டினார். "இந்தா."

"நீங்க பாத்தீங்களா?"

"இந்தா, பாத்துட்டுத் தானே ஈக்கிறேன்."

"கண்ணால பாத்தீங்களா?"

அவர் நானாவுக்குக் கோல் எடுத்தார். தோஹாவில் பகல் சாப்பாட்டு நேரம். நானா வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினார்.

"வுளூ எடுக்கிற ஹவுள் தொட்டிக்குப் பக்கத்துல காட்டுது. குந்தி திக்ரு செஞ்சிட்டு ஈப்பாரு. நீ ஏன் ரோட்டுல நிண்டு எல்லாரையும் பயங்காட்டுற? ஊட்டுக்குப் போ."

"நாடி எவ்வளவு காட்டுது?"

மெல்லும் சத்தம் நின்றது.

"நாடி காட்டல்ல. சிக்னல் கொறவு."

"நாடி இல்லயா?"

"சிக்னல் கொறவுண்டு செல்றேனே. ஒனக்கு வெளங்காது."

லாபிர் போனை வாங்கிக்கொண்டார். பெண்பிள்ளை கேட்டில் நிற்பது நன்றாக இல்லை, பொறுமையாக, ஸபுராக இருங்கள், என்றார். உள்ளே போய் ஒரு எட்டுப் பாருங்கள் என்றேன். தொழுதுவிட்டு இருக்கிறவரைப் போய்த் தொந்தரவு செய்வதா என்றார். நான் நகரவில்லை. அவரும் கேட்டில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்தபடி நின்றார். ஐந்து மணிக்கு அவருடைய முகம் மலர்ந்தது.

"இந்தா, வாறாரு! புள்ளி அசையுது. வாறாரு, வாறாரு. நான் சென்னேனே?"

வந்தது பாங்கு சொல்லும் அன்ஸாப் மாமா. கையில் கடிகாரம்.

"புள்ள, இது வாப்பாட தானே? ஹவுள் கட்டுல கெடந்திச்சு."

பள்ளிக்கு இன்னொரு கேட் இருக்கிறது. அது மெயின் ரோட்டில் திறக்கும். பஸ்கள் போகும் ரோடு. முக்கால் மணித்தியாலமாக நாங்கள் இந்தக் கேட்டில் நின்று ஹவுள் கட்டைக் காவல் காத்திருக்கிறோம்.

ஐந்தே முக்காலுக்கு எனக்கு ஒரு கோல் வந்தது. பக்கத்து ஊரான யட்டவத்தயிலிருந்து ஒரு பெண், சிங்களத்தில் பேசினாள். மிளகு வாங்கும் கடைக்காரி. வாப்பா பஸ்ஸில் வந்து அவளுடைய கடைப் படியில் உட்கார்ந்திருக்கிறார். சாக்கில் கைவிட்டு மிளகை அள்ளிப் பார்த்து, இது காயவில்லை, இன்னும் இரண்டு வெயில் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது சரிதான் என்றாள் அந்தப் பெண். தன் அப்பாவின் காலத்தில் வந்துபோன மீரா முதலாளி என்பது முகத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்ததாம். பேச்சில் ஏதோ பிசகு தெரிந்ததும், வாரிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள். அதோடு என் கடதாசியும் வந்தது. ப்ளேன்டீ குடிக்கிறார், மெதுவாக வாருங்கள் என்றாள்.

த்ரீவீலில் போய் இறங்கியதும் வாப்பா என்னைத்தான் ஏசினார். "வெறுங்கையோட வந்தீக்கியே. சாக்கு எங்க?"

நானா குழுவில் எழுதினார்: "அல்லாஹ் காப்பாத்தினான்." ஆமீன், ஆமீன். கடதாசியைப் பற்றி ஒரு வரி இல்லை.

வாருக்குள் வைத்துத் தைக்கிறேன் என்று மறுபடியும் சொன்னேன். அஸர் நேரத்தில் மட்டும் மெயின் ரோட்டுக் கேட்டைக் கொஞ்சம் சாத்திவைத்தால் போதும் என்று லாபிரிடம் சொன்னேன்.

"ஒராளுக்காகப் பள்ளிக் கேட்ட மூட ஏலுமா? சபையில பேசணும்."

சபையில் பேசவில்லை.

நானா வேறு ஏற்பாடு செய்தார். தோஹாவிலிருந்து வந்த ஒருவரிடம் புதிய பட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். ரப்பர் பட்டி, உள்ளே இரும்புக் கம்பி. பூட்டு இருந்தது. தனிச் சாவி இல்லாமல் திறக்காது. லாபிர் வந்து வாப்பாவின் கையில் மாட்டிப் பூட்டினார். சாவிக்குக் கையை நீட்டினேன்.

"என்னட்ட வெச்சிக்கச் சென்னாரு முஸம்மில்," என்றார் லாபிர். "நீங்க எரக்கப்பட்டுத் தொறந்துருவீங்களாம்."

சாவி அவருடைய சேர்ட் பைக்குள் போனது.

அன்று லுஹருக்கு வுளூ எடுக்க வாப்பா குழாயடிக்குப் போனார். உள்ளங்கைகளைக் கழுவினார், வாய் கொப்பளித்தார், மூக்கு, முகம், முழங்கை வரை வலது கை. இடது கைக்கு வந்ததும் கடிகாரத்தைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை. பட்டிக்குக் கீழே ஒரு விரலை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. கையைத் திருப்பித் திருப்பித் தண்ணீரில் காட்டினார்.

"படல்ல மகள்."

"படும் வாப்பா. பட்டிச்சு."

"படல்ல."

முதலிலிருந்து தொடங்கினார். உள்ளங்கை, வாய், மூக்கு, முகம். இடது கையில் வந்து நின்றார். மறுபடியும் முதலிலிருந்து. எட்டாவது தடவைக்குப் பிறகு நான் எண்ணவில்லை. ஜமாஅத் தொழுகை முடிந்து ஆட்கள் வீட்டைக் கடந்து போனார்கள். வாப்பா நெஞ்சு வரை நனைந்து குழாயடியில் நின்றார்.

ஆறு நாள் இப்படி. சில நேரம் நனைந்தபடியே பள்ளிக்குப் போய், அங்கே ஹவுளில் தொடங்குவார். தொழுகை முடிந்த பிறகும் ஹவுளில் நிற்பவரை அன்ஸாப் மாமா கையைப் பிடித்துக் கூட்டிவருவார். பட்டிக்குக் கீழே தோல் வெளுத்து ஊறி, ஓரத்தில் உரியத் தொடங்கியது. படம் எடுத்து நானாவுக்கு அனுப்பினேன். ஏதாவது பூசு என்று பதில் வந்தது. பட்டி இருக்கிற இடத்தில் எதைப் பூசுவது?

கோல் எடுத்தேன்.

"நான் இங்க ஒரு ஆலிம்ஸாட்ட கேட்டுட்டேன்," என்றார். "நோயாளிக்கு மார்க்கத்துல சலுக ஈக்கி. கட்டுப் போட்ட கைக்கு மேல தடவினாலும் வுளூ கூடும். வாப்பாட்ட அதச் செல்லு."

"ஆலிம்ஸா சென்னது சரி. வாப்பாக்கு அத வெளங்கப்படுத்தினது யாரு?"

"நீ தான் கூட ஈக்கிற."

"நான் இப்ப சென்னா அஞ்சு நிமிஷத்துல மறப்பாரு. தோல்ல தண்ணி படணும்ங்கிறத மறக்க மாட்டாரு. அது அறுவது எழுவது வருஷமா அவர்ட கையில ஈக்கி. நீங்க அதுக்கு மேல கொண்டுவந்து பூட்டுப் போட்டீக்கிறீங்க."

"மறுபடி தொலஞ்சா யாரு பதில் செல்ற? அப்புடீண்டா வெளிய உடாதே. கேட்டப் பூட்டு. ஊட்டுலயே தொழட்டும்."

"கூடவே நடந்து போறேன். கேட்டுல நிக்கிறேன். கழட்டித் தாங்க."

"ஒன்ட கண்ண நம்பி உட ஏலா றுஸ்னா. போன தடவ என்ன நடந்திச்சு?"

போன தடவை என்ன நடந்தது என்பதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவர் கோலை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை நாள். பதினொரு மணிக்கே வாப்பாவைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சாரம் உடுத்தி, வாரைக் கட்டித் தொப்பியைப் போட்டுவிட்டேன். குழாயடிக்குப் போனார். பாங்கு சொன்னது. குத்பாப் பிரசங்கம் தொடங்கியது, ஸ்பீக்கரில் ஒவ்வொரு சொல்லும் வீட்டுக்குள் கேட்டது. வாப்பா இடது கையில் நின்றார். முதலிலிருந்து தொடங்கினார். தொழுகை தொடங்க இகாமத் சொன்னது. அப்போது குழாயை மூடினார். அதை இறுக்கி மூடிவிட்டுக் குசினிப் படியில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஜும்ஆ இல்ல," என்றார். "நான் சுத்தமில்ல."

அவர் அழவில்லை. எனக்குத் தெரிந்து இந்த ஊரில் இருந்துகொண்டு வாப்பா ஒரு ஜும்ஆவை விட்டதில்லை.

பாக்குவெட்டியை எடுத்துவந்தேன். ரப்பர் வெட்டுப்பட்டது. உள்ளே இருந்த கம்பியில் பாக்குவெட்டியின் வாய் மடங்கியது. உரிந்த தோலில் பட்டு இரத்தம் கசிந்தது. வாப்பா கையை இழுக்கவில்லை. "மெல்ல ஹவ்வா," என்றார்.

அவரை எழுப்பினேன். நனைந்த சேர்ட்டோடு, கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தேன்.

ஜும்ஆ முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கேட்டின் நடுவில் நின்றேன். என்னைக் கண்டு முன்னால் வந்தவர்கள் ஒதுங்கினார்கள், பின்னால் வந்தவர்கள் முட்டினார்கள். லாபிர் வெள்ளை ஜுப்பாவில், அத்தர் வாசத்தோடு வந்தார்.

வாப்பாவின் கையை உயர்த்திப் பிடித்தேன்.

"சாவி."

"என்ன இது றுஸ்னா? ஊட்டுக்குப் போங்க, நான் வாறேன், பேசலாம்."

"இங்க தான். சாவியக் கொண்டாங்க."

"ஸபுர் செய்ங்க. ஆளுங்க பாக்கிறாங்க."

"பாக்கட்டும். எல்லாரும் நல்லாப் பாருங்க. ஆறு நாளா இவருக்குத் தொழுகை இல்ல. இன்னக்கி ஜும்ஆ இல்ல. இவர்ட கையப் பூட்டி சாவிய சேர்ட்டுப் பையில போட்டுக்கிட்டு நீங்க மொத சஃப்புல நிண்டு தொழுதுட்டு வாறீங்க."

பின்னால் நின்ற ஒருவர், "என்னப்பா லாபிர், மனுசன்ட கைய எதுக்குப் பூட்டினீங்க?" என்றார். இன்னொருவர், "களவெடுத்தாரா மீராசாஹிப் ஹாஜியார்?" என்றார். வாப்பா சுற்றி நின்ற எல்லாருக்கும் தலையாட்டி ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

லாபிர் நானாவுக்குக் கோல் எடுத்தார். பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். நானாவின் குரல் கேட்டில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

"என்ன பிரச்சின? வாப்பா பள்ளிக்கிட்ட தானே ஈக்காரு? புள்ளி சரியாத் தானே காட்டுது?"

யாரோ சிரித்தார்கள்.

"நானா," என்றேன். "வாப்பாட கையில ரத்தம் வருது. அது புள்ளில தெரியுதா?"

"ரோட்டுல நிண்டு குடும்ப மானத்த வாங்காதே. ஊட்டுக்குப் போ."

"சாவி வார வரக்கும் இந்தக் கேட்ட உட்டு அசைய மாட்டேன். நாளைக்கும் வருவேன். வார வெள்ளியும் வருவேன்."

சாவி கடையில் இருந்தது. லாபிர் மோட்டார் சைக்கிளில் போனார். கால் மணித்தியாலம் ஆனது. ஆட்களில் பாதிப் பேர் போகவில்லை. அன்ஸாப் மாமா ஒரு கதிரையைக் கொண்டுவந்து வாப்பாவை உட்காரவைத்தார். எனக்கும் ஒன்று கொண்டுவந்தார். நான் உட்காரவில்லை.

லாபிர் குனிந்து பூட்டைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. பட்டி கழன்றது. அது இருந்த இடத்தில் தோல் வெள்ளை வளையமாக, ஈரமாக, ஓரமெல்லாம் சிவந்து கிடந்தது. வாப்பா அதை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு யாரிடமும் எதுவும் கேட்காமல் எழுந்து, செருப்பைப் படியில் கழற்றிவிட்டு, ஹவுளை நோக்கிப் போனார்.

"அன்ஸாப் மாமா, கண்ணால பாத்துக்கங்க," என்றேன்.

"பாக்கிறேன் புள்ள."

அவர் முதலில் மெயின் ரோட்டுக் கேட்டுக்குப் போய் அதை இழுத்துச் சாத்தினார். எந்தச் சபையிடமும் கேட்கவில்லை. பிறகு ஹவுள் பக்கம் போய் நின்றார்.

கடிகாரம் என் கையில் இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தேன். அடியில் இருந்த சின்ன பச்சை வெளிச்சம் விரலிடுக்கில் தெரிந்தது. பட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு அதை வாருக்குள் தைக்கப் போகிறேன். நாடி காட்டாது. காட்ட வேண்டாம்.

என் போன் அடித்தது. நானா.

"புள்ளி இன்னம் கேட்டுல நிக்குது. வாப்பாவ ஏன் வெயில்ல நிப்பாட்டி வெச்சிருக்க?"

"வாப்பா உள்ளுக்கு ஈக்காரு."

"பொய் செல்லாத. கேட்டுல காட்டுது."

வாப்பா ஹவுளிலிருந்து எழுந்து, ஈரக் கைகளோடு பள்ளிக்குள் நுழைந்தார். அன்ஸாப் மாமா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"றுஸ்னா!" நானாவின் குரல் மாறியிருந்தது. "நாடி நூத்திப் பதினெட்டுக் காட்டுது. ஏறிக்கிட்டே போகுது. வாப்பாக்கு என்னமோ செய்யுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. கேக்குதா? வாப்பாக்கு என்ன?"

"வாப்பாக்கு ஒண்டுமில்ல," என்றேன். "அது என்ட நாடி."

கோலை வைத்தேன். என் போனிலும் அந்த எண் தெரிந்தது. வாப்பா நான்கு ரக்அத் தொழுது, துஆ கேட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தானாக நடந்து கேட்டுக்கு வரும்வரை அது இறங்கவில்லை.